கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் கணக்கு வகுப்பும்

(வட்டார வளமையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில், அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கைவினையும் பாடமும் என்ற தலைப்பில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். தலைப்பு பெரியது. நான் அதில் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிறார்களே, காகித இதயம், குச்சி நட்சத்திரம், பல கூர் கொண்ட நட்சத்திர விளக்கு, அவற்றைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்வதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களும் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே, வகுப்புக்கு ஒன்றாக மூன்று பொருள்களைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. செயல்திட்டம் செய்துகொண்டு வாருங்கள் என்று நாம் சொன்னதும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? பள்ளிக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள். படம் தயார், தலைப்பு தயார், வெட்டி ஒட்டிய சார்ட் தயார். காசு இருக்கிற பிள்ளை வாங்கிவிடும். காசு இல்லாத பிள்ளைக்கு அக்காவோ அம்மாவோ ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து செய்து கொடுப்பார்கள். இரண்டுக்கும் நாம் வளரறி மதிப்பீட்டில் முழு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். தானே வெட்டி, தானே ஒட்டி, ஓரம் கோணலாக வந்த ஒன்றைக் கொண்டுவந்த பிள்ளை மட்டும் அதை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்கிறது. ஒருமுறை ஒளித்து வைத்த பிள்ளை அடுத்த முறை கத்தரிக்கோலைக் கையில் எடுக்கத் தயங்கும். எனக்குக் கவலை தருவது இதுதான்.

இதற்கு நான் கண்ட வழி ஒன்று உண்டு. சரியா தப்பா என்பதைச் செய்கிற பொருளே சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட கைவினைகளைத் தேர்ந்தெடுத்தால் ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, அம்மா திருத்த வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பல அப்படிப்பட்டவை. அவற்றில் சில பள்ளிக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்தவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பள்ளியில் பிறந்த நட்சத்திரம்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் நீஸ்கி என்று ஓர் ஊர். அங்கே மொராவியச் சகோதரர் சபை நடத்திய விடுதிப் பள்ளி இருந்தது. தொலைதூர நாடுகளுக்குச் சமயப் பணிக்குப் போன பெற்றோர்களின் பிள்ளைகள் பலர் அங்கே தங்கிப் படித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அந்தப் பள்ளியில் வடிவியல் பாடத்தின் ஒரு பகுதியாகக் காகிதத்தில் பல கூர் கொண்ட நட்சத்திரம் செய்ய வைத்தார்கள். திண்ம உருவங்களைக் கையால் செய்து புரிந்துகொள்வதுதான் நோக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரக் காத்திருப்புக் காலத்தின் தொடக்கத்தில் அதைச் செய்து, உள்ளே விளக்கேற்றித் தொங்கவிடுவது வழக்கமாயிற்று. விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் செய்முறையையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே படித்த பீட்டர் ஹென்ட்ரிக் வெர்பேக் என்பவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பக்கத்தில் உள்ள ஹெர்ன்ஹூட் ஊரில் தம்முடைய புத்தகக் கடையில் அதை விற்கத் தொடங்கினார். ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது அதுதான். இன்றும் அந்த ஊரில் அதைக் கையால் செய்கிறார்கள்.

நம் ஊர் விடுதிப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். அம்மா அப்பா பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் மாலை நேரத்தில் கூடி உட்கார்ந்து ஒன்றைச் செய்வது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே ஜெர்மனியில்தான் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840இல் வைத்தார். காகிதம் மடிப்பதும் பட்டை பின்னுவதும் அவருடைய பாடத்திட்டத்தில் இருந்தன. நான்கு காகிதப் பட்டைகளைப் பின்னிச் செய்யும் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஜெர்மானியர்கள் இன்றும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காகித மடிப்பு நம் சென்னைக்கும் வந்தது. டி. சுந்தர ராவ் என்பவர் சென்னை மாகாணத்தில் அரசுப் பணியில் இருந்தவர். கிண்டர்கார்டன் காகித மடிப்பைப் பார்த்துத் தமக்கு எண்ணம் பிறந்ததாகச் சொல்லி, காகிதம் மடித்தே வடிவியல் கற்பது பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1893இல் சென்னையில் வெளியானது. ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் க்ளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டார். பிறகு 1901இல் அமெரிக்காவிலும் அது பதிப்பிக்கப்பட்டது. கத்தரிக்கோலும் காகிதமும் கணக்கு வகுப்புக்குள் வந்தால் யாராவது உங்களைப் பார்த்து, இது என்ன விளையாட்டு என்று கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை: பின்னிய இதயம்

டென்மார்க் நாட்டில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குவது காகிதத்தில் பின்னிய இதயம். குழந்தைகளுக்குக் கதை எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனைத் தெரியும் அல்லவா? கதை சொல்லிக்கொண்டே காகிதம் வெட்டுவது அவர் பழக்கம். இப்போது கிடைக்கும் பின்னிய இதயங்களில் மிகப் பழையது அவர் செய்ததுதான். 1860களைச் சேர்ந்தது.

இரண்டு நிறத்தில் தாள் வேண்டும். மாத நாட்காட்டியில் கிழித்த தாள்கள் போதும். ஒன்றில் படம் இருக்கும் பக்கம் வெளியே தெரியட்டும், இன்னொன்றில் வெள்ளைப் பக்கம். ஒவ்வொன்றும் 19 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். நீளம் பாதியாகும்படி மடித்தால் 9.5 செ.மீ. வரும். திறந்திருக்கும் முனையை அரைவட்டமாக வெட்டுங்கள். மடிப்புள்ள முனையிலிருந்து 6.5 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு. 2 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டைகள் கிடைக்கும். மடித்த தாள் என்பதால் ஒவ்வொரு பட்டையும் இரட்டையாக, உள்ளே விரல் நுழைகிற மாதிரி இருக்கும்.

இப்போது இரண்டு துண்டுகளையும் செங்கோணத்தில் பிடித்துப் பின்ன வேண்டும். முதல் பட்டை எதிர்ப்பட்டையின் உள்ளே நுழைய வேண்டும். அடுத்ததைத் தன் உள்ளே வாங்க வேண்டும். மூன்றாவதின் உள்ளே மறுபடி நுழைய வேண்டும். இரண்டாவது பட்டைக்கு இதைத் தலைகீழாக: வாங்கு, நுழை, வாங்கு. மூன்றாவது, முதல் பட்டையைப் போலவே.

நம் பிள்ளைகள் பாய் பின்னுவதைப் பார்த்தவர்கள். அதனால் பலரும் மேலே, கீழே, மேலே என்று பாய் போலப் பின்னிவிடுவார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சரியாகப் பின்னியது விரலை விட்டால் கூடை போலத் திறக்கும். பாய் போலப் பின்னியது திறக்காது. டென்மார்க்கில் அந்தக் கூடைக்குள் மிட்டாய் போட்டுத் தொங்கவிடுவார்கள். நாமும் ஒரு கடலை மிட்டாய் போடலாம்.

பக்கத்தில் உள்ள தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்தேன். ஒரு சிறுமி முதல் ஆளாக முடித்துவிட்டு ஓடிவந்தாள். "டீச்சர், இது தொறக்கல." நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பையனுடையது திறந்திருந்தது. அவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன்னுடையதை முழுக்கப் பிரித்தாள். மறுபடி பின்னினாள். இரண்டாவது முறையும் நடுப்பட்டையில் சிக்கியது. மூன்றாவது முறை திறந்தது. "வந்துருச்சு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கடலை மிட்டாய் கேட்காமலேயே இடத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பத்து நிமிடத்தில் தப்பு என்ற சொல்லை யாருமே உச்சரிக்கவில்லை.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். அகலம் 6 செ.மீ. தானே, வெட்டு ஏன் 6.5? பின்னிக்கொண்டிருக்கும்போது கேளுங்கள். பட்டை நுழையக் கொஞ்சம் இடம் வேண்டும் என்று பிள்ளைகளின் விரலே கண்டுபிடித்துச் சொல்லும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: ஈர்க்கு நட்சத்திரம்

ஸ்வீடன் நாட்டில் வைக்கோலில் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்கிறார்கள். அவர்கள் வயலில் கிடைப்பது அது. நம் ஊரில் கிடைப்பது தென்னை ஈர்க்கு. நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் மூங்கில் சிம்பு கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, வாசலில் நட்சத்திரம் தொங்கவிடும் பழக்கம் இருக்கிறது. அதன் குட்டி வடிவம்தான் இது.

22 செ.மீ. நீளத்தில் ஐந்து ஈர்க்குகள். இரு முனையிலும் கட்டுவதற்கு 1 செ.மீ. விட்டுவிடுங்கள். மீதி 20 செ.மீ. அதில் இரு பக்கத்திலிருந்தும் 7.6 செ.மீ. அளந்து பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். நடுவில் மிஞ்சுவது 4.8 செ.மீ. இரண்டு ஈர்க்குகள் குறுக்கிடும் இடத்தில் இரண்டின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். ஐந்து இடங்களில் கோடுகள் பொருந்திவிட்டால் முனைகள் தாமாக வந்து சேரும். நூலால் கட்டினால் முடிந்தது. ஈர்க்கின் ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை மெல்லியதாகவும் இருப்பதால், முனைதோறும் தடித்தது ஒன்றும் மெல்லியது ஒன்றும் சேருமாறு வைத்துக்கொண்டால் எடை ஒரு பக்கம் சாயாது.

7.6 எங்கிருந்து வந்தது என்று எட்டாம் வகுப்பில் ஒருவராவது கேட்பார். 20ஐ 12.4ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 12.4ஐ 7.6ஆல் வகுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விடை, 1.6க்குக் கொஞ்சம் மேலே வரும். பொன் விகிதம் என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

அளக்காமல் கட்டிய நட்சத்திரம் கோணலாக வரும். வரட்டும். அதைத் தாளில் வைத்து வரைந்து, ஐந்து முனைகளின் கோணங்களையும் பாகைமானியால் அளக்கச் சொல்லுங்கள். அழகான நட்சத்திரத்தில் ஒவ்வொரு முனையும் 36 பாகை, கூட்டினால் 180. கோணல் நட்சத்திரத்தில் ஒன்று 28 இருக்கும், இன்னொன்று 45 இருக்கும். கூட்டினால் அதுவும் 180. ஐந்து நேர்கோடுகள் குறுக்கிட்டுச் செய்த ஐங்கூர் நட்சத்திரம் எதுவானாலும் முனைக் கோணங்களின் கூடுதல் 180 பாகைதான். முக்கோணத்தின் வெளிக்கோணத் தேற்றத்தை இரண்டு முறை பயன்படுத்தினால் நிரூபணம் கிடைத்துவிடும். இந்தப் பாடத்துக்குக் கோணல் நட்சத்திரம் கட்டாயம் தேவை. வகுப்பில் எல்லாமே அழகாக வந்துவிட்டால் 5 × 36 என்பதைத் தாண்டி யாரும் யோசிக்க மாட்டார்கள். கோணலாகச் செய்த பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைத்து அதன் கோணங்களை எழுதச் சொல்லுங்கள். மேசைக்கு அடியில் போக வேண்டியது அன்றைக்குப் பாடத்தின் நடுவில் நிற்கும்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு: எல்லோரும் சேர்ந்து ஒன்று

இனி நீஸ்கிப் பள்ளியின் நட்சத்திரம். அதன் உள்ளே இருக்கும் திண்மத்துக்கு 26 முகங்கள்: 18 சதுரம், 8 சமபக்க முக்கோணம். பழைய சார்ட் அட்டையில் 4 செ.மீ. பக்கம் வைத்துச் செய்யலாம். முதலில் எட்டுச் சதுரங்களை வளையமாக ஒட்டுங்கள். வளையத்தின் மேல் விளிம்பில் ஒரு சதுரம், ஒரு முக்கோணம் என்று மாற்றி மாற்றி நான்கு நான்கு. உச்சியில் ஒரு சதுரம். கீழேயும் அதே போல. முனைகள் 24, விளிம்புகள் 48. ஆய்லர் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 26 + 24 − 48 = 2.

உச்சியில் இருக்கும் ஒரு சதுரத்தை நூல் கட்டித் தொங்கவிட ஒதுக்கிவிட்டால் 25 முகங்கள் மிஞ்சும். அவற்றில் கூர்களை ஒட்ட வேண்டும். 17 சதுரக் கூர், 8 முக்கோணக் கூர். காம்பஸில் 10 செ.மீ. ஆரம் எடுத்து வில் வரைந்து, வில்லின்மேல் 4 செ.மீ. நாண்களை அடுத்தடுத்து வெட்டிக்கொண்டு போக வேண்டும். சதுரக் கூருக்கு நான்கு நாண், முக்கோணக் கூருக்கு மூன்று. ஒவ்வொரு புள்ளியையும் மையத்தோடு இணைத்து, கோடுகளில் மடித்து, ஓரத்திலும் அடியிலும் விட்டிருக்கும் மடிப்பில் மைதாப் பசை தடவினால் ஒரு கூர் தயார். மொத்தம் எத்தனை இருசமபக்க முக்கோணங்கள் வரைந்தோம் என்று கேளுங்கள். 92 என்று சொல்வார்கள்.

இருபத்தைந்து கூர், இருபத்தைந்து பிள்ளைகள். ஆளுக்கு ஒரு கூர். மீதிப் பிள்ளைகள் நடுத் திண்மத்தைச் செய்யட்டும். இதில் ஒருவர் 4 செ.மீ.க்குப் பதில் 4.3 வைத்துவிட்டால், அந்தக் கூர் பக்கத்துக் கூரை இடிக்கும். உட்காராது. யார் செய்தது என்று சத்தம் கிளம்பும். அங்கே மட்டும் நாம் குறுக்கே போக வேண்டும். "யார்" என்ற கேள்வியை விட்டுவிட்டு "எந்தப் பக்கம்" என்று கேட்கப் பழக்குங்கள். அளவுகோலை வைத்துப் பார்த்து, செய்த பிள்ளையே திருத்தட்டும். கடையில் வாங்கிய கூர் இந்த நட்சத்திரத்தில் ஒட்டாது. அம்மா செய்து கொடுத்ததும் அளவு தெரியாமல் செய்ததாக இருந்தால் ஒட்டாது. ஜெராக்ஸ் கடையால் உதவ முடியாத செயல்திட்டம் இது.

சில நடைமுறைக் குறிப்புகள்

எல்லாவற்றையும் வகுப்பறையிலேயே செய்ய வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மறுபடி பழைய கதைதான். நவம்பர் கடைசி வாரமோ டிசம்பர் முதல் வாரமோ நல்லது. அதைத் தாண்டினால் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும்.

மினுமினுப்புத் தூள், தெர்மாகோல், பிளாஸ்டிக் மணி எதுவும் வேண்டாம். நாட்காட்டித் தாள், ஈர்க்கு, நூல், பழைய சார்ட், மைதாப் பசை போதும். காகிதத்துக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி கூடவே கூடாது. வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கு.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் கத்தரிக்கோல் வலது கைக்குச் செய்தது. இடது கையில் பிடித்தால் வெட்டும் கோட்டை அலகு மறைத்துவிடும். அந்தப் பிள்ளை கோணலாக வெட்டினால் காரணம் கவனக்குறைவு இல்லை. அவர்களுக்கு மட்டும் கோட்டைத் தடித்த பேனாவால் போட்டுக் கொடுங்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஈர்க்கில் பேனாக் கோட்டுக்குப் பதில் நூல் முடிச்சு போட்டுக் கொடுத்தால் விரலால் தடவியே பொருத்திவிடும்.

மிகவும் கடினமான குறிப்பு நமக்குத்தான். நம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மேலதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று தெரிந்தால், நாமே கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தைச் சீர்செய்யத் தோன்றும். அந்த ஒரு வெட்டு போதும், அது பிள்ளையுடையதாக இல்லாமல் போக. அழகானதை முன்னால், கோணலானதைப் பின்னால் என்று தொங்கவிடாமல் வருகைப் பதிவு வரிசையில் எல்லாவற்றையும் தொங்கவிடுங்கள். பின்புறத்தில் பெயரும் தேதியும் பென்சிலால் இருக்கட்டும்.

இது அரசுப் பள்ளி, எல்லாச் சமயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், கிறிஸ்துமஸ் மரம் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். மரம் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சவுக்குக் கிளையை மணல் வாளியில் நட்டு வைத்தாலும் சரி, ஜன்னல் கம்பியில் கட்டினாலும் சரி. இங்கே வழிபாடு எதுவும் இல்லை, கட்டாயமும் இல்லை. பொங்கலுக்குக் கோலப் புள்ளி வைத்துச் சமச்சீர் சொல்லித் தருகிறோம். ரம்ஜான் மாதத்தில் பிறையைக் காட்டி நிலவின் வளர்பிறை தேய்பிறை சொல்லித் தருகிறோம். டிசம்பரில் நட்சத்திரம். கிறிஸ்தவப் பிள்ளை ஒன்று தன் வீட்டு வாசல் நட்சத்திரத்தை அப்பா எப்படிக் கட்டுவார் என்று வகுப்புக்குச் சொல்லட்டும். பொங்கலன்று வேறொரு பிள்ளை சொல்லும்.

எங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு செய்த 25 கூர் நட்சத்திரத்தில் ஒரு கூர் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. கணக்கில் பத்து மதிப்பெண்ணைத் தாண்டாத ஒரு மாணவன் செய்தது. மூன்று முறை பிரித்து ஒட்டினான். விடுமுறை முடிந்து வந்ததும் நட்சத்திரத்தைக் கழற்றி அலமாரியில் வைக்கப் போனபோது, நான் தூக்கட்டுமா டீச்சர் என்று அவன்தான் முன்னால் வந்தான். எந்தக் கூர் எந்த முகத்தில் இருக்கிறது, அடுத்து எது சதுரம், எது முக்கோணம் என்று பார்க்காமலேயே அவனால் சொல்ல முடிந்தது. விடைத்தாளில் எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்று அவனிடம் இருப்பதை நான் அந்த நட்சத்திரத்தின் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார். இந்த டிசம்பரில் அவர் கையில் ஒரு தாளையும் அளவுகோலையும் கொடுத்துப் பாருங்கள்.

வெளியே மேசையில் நாட்காட்டித் தாளும் கத்தரிக்கோலும் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் ஆளுக்கு ஓர் இதயம் பின்னிப் பாருங்கள். திறக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன், அதுவே சொல்லிவிடும்.